செயற்கை எய்திய சட்டைகளும் இஸ்திரி நைனாவும்

மனிதர் செத்தால் எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டுவார்கள். சட்டை செத்ததற்குப் போஸ்டர் ஒட்டிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே, திருத்தணி இஸ்திரி நைனா ஒருவர்தான். அந்தப் போஸ்டர்களை அச்சடித்துக் கொடுத்த பாவி நான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பைக்கைப் பூட்டிவிட்டு நாலடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். போனில் தெரியாத எண் வந்தால் எடுக்க மாட்டேன். எடுக்காமல் விட்டதற்காக அன்று முழுக்கக் கவலைப்படுவேன். அரக்கோணம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் டைப்பிங், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பக்கத்தில் பூவரச மரம். மரத்தடியில் நைனாவின் இஸ்திரி வண்டி. அவருடைய ரேஷன் கார்டு விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவுக்கே அவர் நைனா. அவருக்கு நான் 'கம்பூட்டரு'.

வம்பு ஆரம்பித்தது ஒரு நீலக்கட்டம் போட்ட சட்டையால்.

ரோட்டுமுனையில் பெரிய துணிக்கடை ஒன்று திறந்திருந்தார்கள். மூன்று எடுத்தால் மூன்று இலவசம். தெருவே பைபையாக அள்ளிக்கொண்டு வந்தது. என் வீட்டிலும்தான். புதுத் துணிகளெல்லாம் வரிசையாக நைனாவின் வண்டிக்கு வந்தன. மூன்றாம் வீட்டு ஆபீஸ்காரர் கொடுத்த நீலக்கட்டச் சட்டையின் மேல் நைனா பெட்டியை வைத்தார். எடுத்தார். பெட்டி வந்தது, கூடவே சட்டையின் முதுகும் வந்தது. பிளாஸ்டிக் குடம் எரிந்தது போல நாற்றம்.

ஆபீஸ்காரர் தெருவே கேட்கும்படி கத்தினார். "வயசாய்ட்டா வேலைய உட்டுடணும் நைனா! அடுத்தவன் துணியக் கருக்கிகினு!"

நைனாவுடையது முப்பத்தைந்து வருடமாகப் பெட்டி பிடிக்கிற கை. ஆடிக் கிருத்திகைக்கு வரும் பட்டு வேட்டியைக் கூடப் பூ மாதிரி மடித்துக் கொடுத்த கை. பெட்டியின் அடியில் உருகி ஒட்டியிருந்ததைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் என் கடைக்குள் வந்தார்.

"இன்னா கம்பூட்டரு, சாவு போஸ்டர் அடிப்பியா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "யாரு நைனா? எப்போ? எப்படி?"

"நீலக்கட்டம்."

அவர் சொல்லச் சொல்ல, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் அடித்தேன். 'கண்ணீர் அஞ்சலி. திருவாளர் நீலக்கட்டச் சட்டை அவர்கள். தோற்றம்: போன ஞாயிறு. மறைவு: இந்த ஞாயிறு. முதல் துவையலில் சாயமும் இரண்டாம் துவையலில் பட்டனும் இழந்து, பெட்டிச் சூடு தாளாமல்...' அங்கே நான் வழக்கப்படி 'இயற்கை எய்தினார்' என்று போட்டேன்.

"அத்த எடு. அது தப்பு."

"இன்னா தப்பு நைனா? எல்லாருக்கும் அப்படித்தான போடுறோம்."

"அது பிளாஸ்டிக்குபா. மண்ணுல பொதச்சாலும் மக்காது. உன் பேரன் தோண்டினாலும் காலரோட அப்படியே கெடக்கும். அது எங்க இயற்கைய எய்தறது? 'செயற்கை எய்தினார்'னு போடு."

போட்டேன். கீழே, 'இப்படிக்கு, துயரத்தில் வாடும் பேன்ட், பனியன் மற்றும் இஸ்திரிப் பெட்டி.'

மறுநாள் காலை தெருமுனைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தது. ஆபீஸ்காரர் என்ன செய்வாரோ என்று நான் கடையை முக்கால்வாசி சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் வந்தார். படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அதோடு செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.

அப்புறம் நைனாவை நிறுத்த முடியவில்லை. வாரம் ஒரு சாவு. முழங்கால் கிழிந்த நிலையிலேயே பிறந்து, இடுப்பும் கிழிந்து மறைந்த ஜீன்ஸ். ஒரே மழையில் தொப்புள் வரைக்கும் சுருங்கிப்போன டி-சர்ட். தையல் விட்டு, கல்யாண மண்டபத்திலேயே உயிர்விட்ட பாவாடை. வண்டிக்குத் துணி கொண்டுவருகிறவர்களை நிறுத்தி, துணியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். தையலை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "கஷ்டம்மா. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுச்சிடு" என்பார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த வாரமும் அதே கடையில் போய் வாங்குவார்கள். நைனாவுக்கு அது தெரியும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு சம்பவம். ஆந்திராவிலிருந்து காவடியோடு வந்த பெரியவர் ஒருவர் போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டார். தமிழ் படிக்கத் தெரியவில்லை. ஆனால் கறுப்புக் கரையும் மாலைப் படமும் எந்த மொழியிலும் ஒன்றுதானே. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு யார் செத்தது என்று நைனாவிடம் தெலுங்கில் கேட்டார்.

"எவரு போயாரு?"

"சொக்கா" என்றார் நைனா, பெட்டியை நிறுத்தாமல். சொக்கா என்றால் சட்டை. பெரியவர் அதை ஓர் ஆளின் பெயராக எடுத்துக்கொண்டார்.

"பாபம்! வயசெந்த?"

"மூடு வாராலு." மூன்று வாரம்.

"அய்யய்யோ, பசிபிட்டா!" பச்சைக் குழந்தையா என்று பெரியவர் கண்கலங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, அந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை அரோகரா போட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். நைனா என் கையை அழுத்தினார். "உடு கம்பூட்டரு. அந்த சொக்காவுக்காக அழுத ஒரே மனுசன் அவுருதான்."

சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்தத் துணிக்கடையின் சலுகை நோட்டீஸ்களை அடித்துக் கொடுக்கிறவனும் நானேதான். ஒரே மெஷினில் ஒரு பக்கம் 'வாங்க வாங்க', இன்னொரு பக்கம் 'கண்ணீர் அஞ்சலி'. எப்போது மாட்டுவேன் என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.

மாட்டினேன். ஒருநாள் மத்தியானம் அந்தக் கடையின் மேனேஜர் வந்தார். முப்பது வயதிருக்கும், கடையின் பெயர் போட்ட சிவப்பு டி-சர்ட். மடித்த போஸ்டர் ஒன்றை என் மேஜையில் விரித்தார்.

"சார், இது நீங்க அடிச்சதுங்களா?"

"இல்லீங்களே."

"இந்த எழுத்து உங்க கடைதுதான சார்?"

"இந்த எழுத்து எல்லா கம்ப்யூட்டர்லயும் கீது... இருக்குது சார்."

அவர் விரலை வைத்துக் காட்டினார். "செயற்கையில 'ற்' கொஞ்சம் சாஞ்சிருக்குது பாருங்க. எங்க நோட்டீஸ்ல விற்பனையிலயும் அதே 'ற்' அதே மாதிரி சாஞ்சிருக்குது."

நான் போஸ்டரை மடித்து அவரிடமே நீட்டினேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதலாளி பாத்தா என்னையும் உடமாட்டாரு, உங்களையும் உடமாட்டாரு. பாத்துக்குங்க சார்" என்று கழுத்தைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

நான் நேராக நைனாவிடம் போனேன். போலீஸ், வக்கீல் நோட்டீஸ், கோர்ட், என் பெண்ணின் கல்யாணம் நின்றுபோவது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் பெண் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள். நைனா கேட்டுக்கொண்டே ஒரு தலையணை உறையை மடித்து வைத்தார்.

"சரி. உன் பொழப்பு கெட வேணாம். இத்தோட உட்டுட்டேன்."

நிஜமாகவே விட்டுவிட்டார். சுவரில் போஸ்டர் இல்லை. நாடி பார்ப்பதும் இல்லை. பெட்டியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் ஒரு மனிதரின் வாயை அடைத்துவிட்டேன் என்ற புதுக் கவலை வந்து சேர்ந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் நாலாம் நாள் காலை தெருவில் முழங்கால் தண்ணீர். கடையில் கம்ப்யூட்டரைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன். அப்புறம் மேஜையைத் தூக்கி எதன் மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தெருமுனையில் கால்வாய் மேல் இருக்கும் சிறுபாலத்தின் குழாய் அடைத்துக்கொண்டதுதான் காரணம். ஒப்பந்தத் துப்புரவு வேலையில் இருக்கும் செல்வியும் இன்னொரு அம்மாளும் கொக்கி போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நைனா கரையில் நின்று குடை பிடித்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அடைப்பு கொக்கிக்கு அசையவில்லை. செல்வி குனிந்து, குழாய்க்குள் கையை விட்டு இழுத்தாள். உள்ளே இருந்தது லேசாக அசைந்தது. அசைந்ததும் தண்ணீர் அதை உள்பக்கமாக இழுத்தது. செல்வியின் கையும் கூடவே போனது.

"நைனா! கை மாட்டிகிச்சு! உட மாட்டன்னுது நைனா!"

அவள் குனிந்த நிலையில் இருந்தாள். மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது தண்ணீர். பின்னாலிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தது. கூட வந்த அம்மாள் அவள் இடுப்பைப் பிடித்து இழுக்க, செல்வி வலியில் அலறினாள். நைனா குடையை வீசிவிட்டுத் தண்ணீரில் குப்புற விழுந்தார். அவர் தலையும் உள்ளே போய் வெளியே வந்தது.

"துணி சுத்திகினு கீது! கம்பூட்டரு! கத்தி எட்தா! ஓடு!"

என் வாழ்க்கையில் நான் ஓடியது அன்று ஒருநாள்தான். பிளெக்ஸ் அறுக்கிற கத்தி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்கு மறந்துவிட்டது. மூன்று இழுப்பறைகளைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன். கத்தி கிடைத்தது. திரும்பி ஓடும்போது வழுக்கி விழுந்தேன். கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி வானத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்தி, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நைனா கத்தியோடு மறுபடி உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சாமி பேர்களை எல்லாம் இரண்டு தடவை சொல்லி முடித்தேன். கடைசியில் செல்வியின் கை வெளியே வந்தது. மணிக்கட்டில் ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒரு துண்டுத் துணி முறுக்கிக்கொண்டு, சதைக்குள் இறங்கியிருந்தது.

ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எலும்பு விரிசல், உயிருக்கு ஒன்றுமில்லை. பிறகு ஆறேழு ஆண்கள் சேர்ந்து குழாய்க்குள் இருந்ததை இழுத்தார்கள். ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. சட்டை, லெக்கின்ஸ், சுரிதார், துப்பட்டா, குழந்தைகள் கவுன், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ஒன்றும் மக்கவில்லை. சிலவற்றில் கடையின் அட்டை கூடத் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா சேறு வழிய நின்று அதையே பார்த்தார். அன்று அவர் ஒரு நக்கலும் பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டேன். "உன்கிட்ட ரோஸ் கலர்ல ஜிகினா வச்ச சுரிதார் ஒண்ணு இருந்துதே, எங்க?"

"அதுவா? காலேஜ் டேக்குப் போட்டேம்பா. அன்னிக்கே கிழிஞ்சிடுச்சு."

மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். "பழசெல்லாம் கவர்ல கட்டி வெளிய போடச் சொல்லி உங்ககிட்டதான குடுத்தேன்?"

ஞாபகம் வந்தது. குப்பை வண்டி வருகிற வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், பைக்கில் போகிறபோது கால்வாய் ஓரம் வீசிவிட்டுப் போனவன் நான்.

நைனா அந்த மூட்டையை அவிழ்த்து, சோடா உப்புப் போட்டு அலசி, காயவைத்தார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட ஆரம்பித்தார். தெரு பீதியில் உறைந்தது. ஏனென்றால் அந்தத் துணிகளில் பெரும்பாலானவை ஒருமுறையாவது அவர் கைக்கு வந்தவை. எது எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும். வண்டியைத் தாண்டும்போது ஆட்கள் செல்போனில் பேசுவது போலப் போனார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் மரத்தில் ஓர் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கரித்துண்டால், எழுத்துப் பிழையோடு, 'பதினாரம் நாள் காறியம்' என்று எழுதியிருந்தது. என்னிடம் அச்சடிக்கக் கேட்கவில்லை. அட்டையை அவிழ்த்து வாங்கினேன்.

"குடு நைனா. நான் அடிச்சித் தரேன்."

"வேணாம்பா. அந்த மேனேஜரு..."

"வரட்டும்." சொல்லிவிட்டு ரோட்டை ஒருதடவை திரும்பிப் பார்த்தேன். "நைனா, இதுல வீட்டுப் பேரு போடுவியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடணுமா?"

நான் அட்டையோடு கடைக்குள் போய்விட்டேன். அவரும் மேலே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மரத்திலிருந்து எதிர்வீட்டுக் கம்பிவரை கயிறு கட்டி, அறுபது எழுபது துணிகள், மடிப்புக் கலையாமல், மாலை போட்டுத் தொங்கின. வாடகை நாற்காலிகள். இரண்டு மேளக்காரர்கள். முன்வரிசையில் கையில் கட்டோடு செல்வி. நைனா தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, பீரோ நெறய வச்சிகினு 'போட்டுக்க ஒண்ணுமே இல்ல'ன்னு நிக்கிறவங்களே!"

கூட்டம் சிரித்தது. அவர் ஒரு மஞ்சள் கவுனைத் தொட்டார்.

"இந்தம்மா எங்க பொறந்துதுன்னு இதுக்கே தெரியாது. எந்த ஊரு பொண்ணோ முதுகு ஒடியக் குந்திகினு தச்சுது. எந்த ஊரு ஆறோ இதுக்கு மஞ்சளக் குடுத்துட்டு அது கருப்பாப் போச்சி. லாரி ஏறி, கப்பல் ஏறி, இம்மாந்தூரம் வந்துது. வந்து இன்னா பண்ணுச்சி? ஒரு பர்த்துடே. ஒரு போட்டோ. அவ்ளோதான். வாழ்ந்த நாள விட வந்த தூரம் பெருசு! அடிங்கபா மேளத்த!"

மேளம் அடித்தது. ஒரு பாட்டம் ஒப்பாரியும் வைத்தார், சட்டையைப் பெற்ற தாய் போல மார்பில் அடித்துக்கொண்டு. தெரு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. அப்போதுதான் சிவப்பு டி-சர்ட்டைப் பார்த்தேன். மேனேஜர், கூட இரண்டு விற்பனைப் பெண்கள். நாற்காலியில் உட்காராமல் ஓரமாக நின்றிருந்தார்கள். நான் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

மேளம் நின்றதும் செல்வி எழுந்தாள். கயிற்றின் கடைசியில், ஒரு கை அறுந்து தொங்கிய ரோஸ் சுரிதாரைக் காட்டினாள்.

"இதான் என் கையப் புடிச்சிகினு உடாதது. யாருதுங்க இது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நைனா தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கல்லூரி விழாவுக்கு முதல்நாள் என் மகள் அதை அவரிடம்தான் கொடுத்தாள். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "என் வீட்டுதும்மா. நான்தான் கால்வாய் ஓரம் வீசினேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. செல்வி என்னையும் சுரிதாரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கத்தி எட்துகினு ஓடியாந்தது நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"கட்டிப் போட்டதும் உங்க வீட்டுது, அறுத்து உட்டதும் உங்க வீட்டுதா?" என்று அவள் சிரித்துவிட்டாள். பிறகு கூட்டமே சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். "உடுங்க சார். ஆனா இனிமே குப்ப வண்டியில குடுங்க. உள்ள கை உடறது நாங்கதான்."

அடுத்ததாக ஆபீஸ்காரர் எழுந்து, "அந்தப் பச்சை டி-சர்ட் என்னுது" என்றார். ஒரு டீச்சர் இரண்டு லெக்கின்ஸை ஒப்புக்கொண்டார். மத்தியானத்துக்குள் கயிற்றில் பாதி காலி.

மேனேஜர் நைனாவை நோக்கி நடந்தார். நான் நடுவில் போய் நின்றேன். நிற்கிற அளவுக்கு எனக்கு என்ன வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டி நைனாவிடம் டி-சர்ட்டின் கழுத்தை இழுத்துக் காட்டினார். உள்ளே தோல் சிவந்து தடித்திருந்தது.

"எங்க யூனிஃபார்ம் நைனா. பன்னெண்டு மணி நேரம் இதத்தான் போட்டுகினு நிக்கணும். இந்தப் புள்ளைங்களுக்கும் அரிக்குது. இன்னா பண்றது?"

நைனா அவர் டி-சர்ட் நுனியைப் பிடித்து, வழக்கம்போல நாடி பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு மெதுவாக, "உள்ள ஒரு பருத்தி பனியன் போட்டுக்க கண்ணா" என்றார்.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் நைனாவே சிரிப்பார். அந்தக் கடை அங்கேயேதான் இருக்கிறது. நோட்டீஸை இப்போது வேறு யாரோ அடிக்கிறார்கள். அடுத்த மழைக்கும் கால்வாய் அடைத்தது, இந்தத் தடவை தெர்மாகோல். ஆனால் என் மகள் புதுத்துணி எடுக்கப் போனால் கடையிலேயே தையலை இழுத்துப் பார்க்கிறாள். விற்பனைப் பெண்கள் அவளைப் பார்த்து, "நைனா தெருவா?" என்று கேட்கிறார்களாம்.

நைனா இப்போது சித்தூரில், மகள் வீட்டில். கண்ணில் புரை எடுத்து நாலு மாதம் ஆகிறது. நன்றாகத் தெரிகிறது, சீக்கிரம் வருகிறேன் என்று போனில் சொல்கிறார். உண்மையைத்தான் சொல்கிறாரா என்று எனக்குக் கவலை. பக்கத்துத் தெருவில் கரண்ட் பெட்டி வைத்து ஒருவர் அருமையாகத் தேய்க்கிறாராம். எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் அங்கே போகவில்லை. எல்லோரும் கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போய்வருகிறோம்.